மூன்று துண்டுப் பலகை

கித்தாரின் மேற்பலகை ஸ்புரூஸ் என்னும் இலேசான மரத்தால் ஆவது. கம்பிகளின் அதிர்வை வாங்கி ஒலிப்பது அதுவே. பின்பலகைக்கோ பிரேசில் நாட்டு ஈட்டி மரத்தைக் கைவினைஞர் பெரிதும் விரும்பினர். ஒரு பலகையைப் பிளந்து, இரு பாதிகளையும் புத்தகம் விரித்தாற்போல் அருகருகே ஒட்டுதல் வழக்கம். அதற்கு அகன்ற பலகை வேண்டும். காட்டில் பெருமரங்கள் அருகவே, அகலம் போதாத துண்டுகளே மிகுந்தன. அமெரிக்காவில் நாசரேத் என்னும் ஊரிலுள்ள மார்ட்டின் தொழிலகத்தார், 1965ஆம் ஆண்டில் அத்தகைய மூன்று துண்டுகளை இணைத்து ‘டி-35’ என்னும் கித்தாரைச் செய்தனர். இணைப்பை அவர்கள் மறைத்தாரல்லர். அதன்மேல் ஓடும் கோடுகளே அணியாயின.

1969இல் செய்யப்பட்ட அவ்வகைக் கித்தார் ஒன்றை டேவிட் கில்மோர் என்னும் ஆங்கில இசைவாணர் பல்லாண்டு வாசித்தார். 2019ஆம் ஆண்டு நியூயார்க்கில் அவர் தம் கித்தார்களை ஏலத்திற்கு விட்டபொழுது, அஃதொன்றே பத்து இலட்சம் டாலருக்குமேல் விலைபோயிற்று. ஏலத்தொகையைச் சுற்றுச்சூழல் காக்க வழக்காடும் ‘கிளையன்ட்எர்த்’ என்னும் அறநிறுவனத்திற்கு அவர் அளித்தார்.