கண்ணுக்கு எட்டாப் பேரொளி

நுழையும்முன்

விண்பொருள்கள் வெளியிடும் கதிர்களுள் நம் கண்கள் காண்பது ஒரு சிறு பகுதியே. கண்ணுக்குப் புலப்படாத ஊடுகதிர்களைக் கொண்டு அறிவியலாளர்கள் ஒரு நெடுநாள் கருத்தைத் திருத்திக்கொண்ட வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

ஏப்ரல் மாத முன்னிரவில் திண்டுக்கல் சமவெளியில் நின்று வடதிசையை நோக்கினால், சங்கப் புலவர்கள் எழுமீன் எனக் குறித்த ஏழு விண்மீன்களைக் காணலாம். அவை அமைந்த பெருங்கரடி மண்டலத்தின் திசையில், ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் எம் 82 என்னும் விண்மீன் திரள் உள்ளது. அத்திரளில் உள்ள சில பொருள்கள், கதிரவன் வெளியிடும் மொத்த ஆற்றலைவிட இரண்டரை இலட்சம் மடங்குக்கும் மேலான ஆற்றலை ஊடுகதிராக உமிழ்கின்றன. இத்தகையவற்றை மீயொளிர் ஊடுகதிர் மூலங்கள் என்பர்.

மலைக்கும் எட்டாத கதிர்

திண்டுக்கல் மாவட்டத்தின் கொடைக்கானல் வான் ஆய்வகம், 2,300 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்து, 1901 முதல் கதிரவனை ஆராய்ந்து வருகிறது. ஆயினும், அத்துணை உயரத்திலிருந்தும் விண்ணின் ஊடுகதிர்களைக் காண இயலாது. உயிர்களுக்கு அரணாக விளங்கும் வளிமண்டலம் அவற்றை உறிஞ்சிவிடுகிறது. எனவே, தொலைநோக்கிகளை விண்ணுக்கே அனுப்ப வேண்டியதாயிற்று. 1999இல் ஏவப்பட்ட சந்திரா, 2012இல் ஏவப்பட்ட நூஸ்டார், 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியா ஏவிய அஸ்ட்ரோசாட் ஆகியன அவற்றுள் சில.

ஒளியும் நிறையும்

நிறைமிக்க சிறு பொருளொன்று அருகிலுள்ள விண்மீனின் வளிமத்தைத் தன்பால் ஈர்க்கும்போது, அவ்வளிமம் கடுமையாக வெப்பமடைந்து ஊடுகதிரை உமிழ்கிறது. அக்கதிர், மேலும் வந்து விழும் வளிமத்தை வெளிநோக்கித் தள்ளுகிறது. ஈர்ப்பும் தள்ளலும் சமமாகும் ஒளியளவே எடிங்டன் வரம்பு. பொருளின் நிறை கூடினால் இவ்வரம்பும் கூடும். ஆதலால், இம்மூலங்கள் யாவும் பெரும் நிறையுடைய கருந்துளைகளாகவே இருக்க வேண்டும் எனப் பலர் கருதினர்.

2014 சனவரியில் எம் 82 திரளில் விண்மீன் ஒன்று வெடித்தது. அதனை ஆராய முனைந்த நூஸ்டார், எதிர்பாராத ஒன்றைப் பதிவு செய்தது. எம் 82 எக்ஸ்-2 என்னும் மூலத்தின் ஒளி 1.37 நொடிக்கு ஒருமுறை சீராகத் துடித்தது. திண்மையான புறப்பரப்பு இல்லாத கருந்துளை இவ்வாறு துடிக்க இயலாது. எனவே அது தன்னைத் தானே சுற்றும் நியூட்ரான் விண்மீனே என்பது உறுதியாயிற்று. கதிரவனைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நிறையுடைய நியூட்ரான் விண்மீனின் ஆரம், திண்டுக்கல்லுக்கும் சின்னாளபட்டிக்கும் இடைப்பட்ட தொலைவை ஒத்ததே. அத்துணைச் சிறிய பொருள் எடிங்டன் வரம்பை ஏறத்தாழ நூறு மடங்கு விஞ்சி ஒளிர்ந்தது.

அதன் வலிய காந்தப்புலம் வளிமத்தைத் துருவங்களை நோக்கி ஒடுக்கிச் செலுத்த, கதிர்கள் பக்கவாட்டில் வெளியேறுவது இதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர்கள் விளக்குகின்றனர்.

2019இல் சிறிய மெகல்லன் மேகத்தின் அருகே நீண்ட காலம் அடங்கியிருந்த மற்றொரு துடிவிண்மீன் பேரொளியுடன் கிளர்ந்தெழுந்தது. அதன் 9.3 நொடித் துடிப்பை அஸ்ட்ரோசாட் ஆராய்ந்தது.

ஒளியை மட்டும் கண்டு நிறையை முடிவு செய்தல் ஆகாது என்பதை ஒரு சிறு துடிப்பு உணர்த்திற்று. நிலைபெற்ற கருத்தையும் சான்றின் முன் நிறுத்தி ஆராய்வதே அறிவியல் நெறி.

தெரியுமா?

சந்திரா தொலைநோக்கி, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது. அஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கியை உருவாக்கும் பணிக்குத் தலைமையேற்ற இந்திய வானியற்பியல் நிறுவனமே கொடைக்கானல் ஆய்வகத்தையும் நடத்துகிறது.

கற்பவை கற்றபின்

1. எம் 82 எக்ஸ்-2 கருந்துளை அன்று என்பதற்கான சான்றை விளக்குக.
2. ஊடுகதிர்த் தொலைநோக்கியைக் கொடைக்கானலில் நிறுவினால் பயன் உண்டா? காரணம் காட்டி வகுப்பில் கலந்துரையாடுக.