பிரமிட் ஹெட் யாருடைய வில்லன்?

இந்த மாதப் பாடம் ஒரு கேம். 2001-இல் பிளேஸ்டேஷன் 2-க்குக் கோனாமி வெளியிட்ட ‘சைலன்ட் ஹில் 2’. 2024-இல் புது வடிவிலும் வந்தது. முடிவைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. விளையாடி முடிக்காதவங்க பக்கத்தைத் திருப்பிடுங்க.

இறந்துபோன மனைவி மேரியிடமிருந்து ஜேம்ஸுக்குக் கடிதம் வருகிறது. அவளைத் தேடிப் பனிமூட்டம் மூடிய ஊருக்கு வருகிறான். அங்கே அவனைத் துரத்துபவன்தான் பிரமிட் ஹெட். தலை முழுக்கத் துருப்பிடித்த இரும்புக் கூம்பு, தரையில் இழுபடும் பெரிய கத்தி. பேசமாட்டான். முதல் தடவை கம்பிகளுக்கு அந்தப் பக்கம் சும்மா நிற்பான், அவ்வளவுதான். எனக்கு அதுதான் ரொம்பப் பயமா இருந்துச்சு.

வழக்கமான வில்லனுக்கு ஆசை, திட்டம் ஏதாவது இருக்கும். இவனுக்கு எதுவுமே இல்லை. மாடிப்படியில் நடக்கும் சண்டையில் எவ்வளவு சுட்டாலும் சாகமாட்டான். சைரன் ஒலித்ததும் தானே தண்ணீருக்குள் இறங்கிப் போய்விடுவான்.

காரணம் ஜேம்ஸிடம் இருக்கிறது. நோயில் கிடந்த மேரியைத் தலையணையால் அமுக்கிக் கொன்றவன் அவனே. அதை மனதுக்குள் புதைத்துவிட்டான். உண்மை வெளியே வந்துவிடுமோ என்ற பயமும், யாராவது தண்டிக்கட்டும் என்ற ஏக்கமும் சேர்ந்துதான் கொலைத்தண்டனை நிறைவேற்றும் ஆளைப்போல ஓர் உருவமாக வந்து நிற்கின்றன. அதே தெருக்களில் திரியும் 8 வயது லாராவுக்கு எந்தப் பூதமும் தெரியாது. அப்பாவால் கொடுமைப்பட்ட ஏஞ்சலாவுக்கோ ஊரே நெருப்பு.

போன செமஸ்டர் ஒரு பாடத்தில் ஃபெயில். அம்மாவிடம் மறைத்துவிட்டேன். அவங்க ஃபோன் பண்றது “சாப்பிட்டியா?”ன்னு கேட்கத்தான். எனக்கு மட்டும் அது போலீஸ் விசாரணை மாதிரி கேட்டது. பல தடவை எடுக்கவே இல்லை. அந்த விடுமுறையில்தான் இந்த கேமை முடித்தேன்.

கடைசியில் இரண்டு பிரமிட் ஹெட் வருவார்கள். தன்னைத் தண்டிக்க ஒருவன் தேவைப்பட்டதை ஜேம்ஸ் அதற்குள் ஒப்புக்கொண்டிருப்பான். கொஞ்ச நேரச் சண்டைக்குப் பிறகு இருவரும் தங்கள் ஈட்டியாலேயே தங்களைக் குத்திக்கொண்டு சாகிறார்கள். அவர்களுக்கு இனி அங்கே வேலை இல்லை.

2006-இல் வந்த படத்திலும் 2008-இல் வந்த ‘ஹோம்கமிங்’ கேமிலும் பிரமிட் ஹெட் மறுபடி வருகிறான். ஜேம்ஸ் இல்லை. அதே கூம்பு, அதே கத்தி. பார்க்க மிரட்டலாத்தான் இருக்கான். ஆனால் அவன் யாருடைய பயம் என்று கேட்டால் பதில் கிடையாது.