நம்ம வீட்டு லட்சுமி படம் எங்கே பிறந்தது?

போன மாதம் சமய வகுப்பில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, லட்சுமி இப்படித்தான் இருப்பாங்கன்னு யார் போய்ப் பார்த்துட்டு வந்தா?" வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல கேள்வி.

தெய்வத்துக்கு எத்தனை கை, எந்தக் கையில் என்ன என்பதைச் சிற்ப நூல்கள் எப்போதோ சொல்லிவிட்டன. ஆனால் தாமரையில் புடவையோடு நிற்கிற அம்மாவின் முகம், பக்கத்தில் மாலை ஏந்திய யானை, மயில் அருகே வீணை மீட்டும் சரஸ்வதி என்று நம் தாத்தா பாட்டி தோட்டத்து லயங்களில் மாட்டி வைத்த படங்களுக்குப் பின்னால் ஓர் ஓவியர் இருக்கிறார்: ராஜா ரவி வர்மா.

1848-இல் கேரளத்தின் கிளிமானூர் அரண்மனையில் பிறந்தவர். திருவிதாங்கூர் அரசவையில் இருந்த மதுரை ஓவியர் ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ண வித்தையைக் கற்றுத்தர மறுக்க, அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை மறைவாகச் சொல்லிக் கொடுத்தாராம். பிறகு கிளிமானூர் அரண்மனை ஓவியக்கூடத்தில் ரவி வர்மாவும் தம்பி ராஜராஜ வர்மாவும் சேர்ந்தே வேலை செய்தார்கள்.

வரைந்த படங்கள் போய்ச் சேர்ந்தது மன்னர்களின் சுவர்களுக்கு. சாதாரண மக்கள் எங்கே பார்ப்பது? கும்பகோணத்தில் பிறந்த திவான் மாதவ ராவ்தான், அச்சடித்துப் பரப்பலாமே என்று யோசனை சொன்னவர். 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியது. இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. கோயிலுக்குள் போக அனுமதியில்லாத மக்கள் இருந்த காலம் அது. அவர்கள் வீட்டுச் சுவருக்கும் சாமி வந்தார்.

அச்சடித்த முறையைக் கேளுங்கள். வழவழப்பான சுண்ணாம்புக்கல் பலகையில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைவார்கள். கல்லை நனைத்தால் வெற்றிடம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்; அச்சு மை கோட்டில் மட்டும் ஒட்டும். இதுதான் கல்லச்சு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிக் கல்! ஒரு கல் மயிரிழை நகர்ந்தாலும் லட்சுமியின் உதடு கன்னத்துக்குப் போய்விடும். வேலை முடிந்த கல்லைத் தேய்த்துவிட்டு அடுத்த படம் வரைவதும் வழக்கம்.

1899-இல் அச்சகம் லோனாவ்லா பக்கத்து மளவலிக்கு மாறியது. கடன் அழுத்தியது, சில ஆண்டுகளில் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியத் தொழில்நுட்பரிடம் விற்றார்கள். 1906-இல் ரவி வர்மா மறைந்தார். அச்சகம் பல்லாண்டு ஓடி, 1972-இல் தீயில் அழிந்தது. கற்களும் படங்களும் பெரும்பாலும் போயின.

எண்ணெய் ஓவியங்களுக்கு யோகம் இருந்தது. பல ஓவியங்கள் பரோடா அரண்மனையிலும் திருவனந்தபுரத்திலும் பத்திரமாக இருக்கின்றன. 1979-இல் இந்திய அரசு அவருடைய ஓவியங்களைத் தேசியக் கலைச்செல்வமாக அறிவித்தது. நாட்டைவிட்டு விற்றுக் கொண்டுபோக முடியாது. கிளிமானூர் ஓவியக்கூடமும் நிற்கிறது. ஆனால் தாளில் அச்சான படங்களை அந்த அளவுக்கு யார் கவனித்தார்கள்?

நானே கவனிக்கவில்லை. தோட்டத்திலிருந்து தாமானுக்கு வீடு மாறியபோது, கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறதே என்று பாட்டியின் லட்சுமி படத்தைக் கோயில் பின்னால் அரசமரத்தடியில் வைத்துவிட்டு வந்தவன் நான். மழைக்காலம் வேறு. பாட்டி ஒன்றும் கேட்கவில்லை. புதுப்படத்துக்குப் பூ மட்டும் வைக்கவில்லை.

ரவி வர்மா அச்சகப் படங்களின் அடியில் அச்சகப் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும் என்று வகுப்பில் சொன்னேன். அடுத்த வாரமே அந்தத் தம்பி கைப்பேசியில் தன் பாட்டி வீட்டுப் படத்தைக் காட்டினான். கீழே ஏதோ எழுத்து. பாதியைச் சட்டம் மறைத்திருந்தது.

"கழற்றிப் பார்க்கவா அண்ணே?"

"வேண்டாம்பா, பழைய தாள் நொறுங்கிடும். கற்பூரப் புகையும் வெயிலும் படாத சுவருக்கு மாத்து. பாட்டிகிட்ட எப்போ, எங்கே வாங்கினாங்கன்னு கேட்டு எழுதி வை."

"பாட்டிக்கு இப்பல்லாம் பாதி ஞாபகம் இல்லண்ணே."

"அப்போ இன்னைக்கே கேளு" என்றேன்.