தளர்ந்த முதியோரைப் பேணுதல்

விநய பிடகத்தைச் சேர்ந்த மகாவக்கத்தின் எட்டாம் அதிகாரத்தில் நோயுற்ற பிக்கு ஒருவரின் வரலாறு காணப்படுகிறது. வயிற்றுப்போக்கால் துன்புற்ற அவர் தம் கழிவிலேயே கிடந்தார். ஒருவரும் அணுகவில்லை. காரணம் வினவியபோது, தாம் பிறருக்கு உதவியதில்லை, ஆதலால் பிறரும் தம்மைப் பேணவில்லை என்றார். பகவன் நீர் வார்க்க, ஆனந்தர் அவரைக் கழுவினார். தலைப்பக்கம் பகவனும் கால்பக்கம் ஆனந்தரும் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர்.

இதை நாம் பலமுறை கேட்டு நெகிழ்ந்திருக்கிறோம். இதன் பிற்பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. பகவன் சங்கத்தைக் கூட்டி ஒரு வரிசை வகுத்தார். நோயாளிக்கு உபாத்தியாயர் இருந்தால் அவர் பேண வேண்டும், இல்லையேல் ஆசாரியர், இல்லையேல் மாணாக்கர், இல்லையேல் உடன் பயின்றவர். எவருமே இல்லாதவருக்குச் சங்கம் முழுவதும் பொறுப்பு, பேணாவிடில் குற்றம். கருணையை மனத்தளவில் விட்டுவிடாமல், இன்னார் கடமை இது என்று விதித்ததையே நாம் இங்குப் பாடமாகக் கொள்கிறோம்.

இனி நம் இல்லங்களைப் பார்ப்போம். தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் செம்பூர்ப் பக்கத்துக் குடிசைப் பகுதிகளிலும் பல வீடுகள் பத்துக்குப் பத்து அறைகளே. மேலறைக்குச் செங்குத்தான இரும்பு ஏணி, கழிப்பிடமோ தெருக்கோடியில். முழங்கால் தளர்ந்த பாட்டி இரவில் அங்கே செல்ல அஞ்சி, மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறாள். அதனால் நீர்க்கடுப்பு, தலைச்சுற்றல், ஒருநாள் வீழ்ச்சி. இடுப்பெலும்பு முறிந்த பின்னரே சயான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். உள்ள நோயை உள்ளபடி உரைப்பது நோயாளிக்குரிய ஐந்து பண்புகளுள் ஒன்றென்று அதே அதிகாரம் கூறுகிறது. நம் பாட்டிமாரோ, பிள்ளைகளுக்குச் செலவு வைக்கலாகாதென்று மறைக்கின்றனர்.

உதவி இல்லாமலில்லை. மகன் பணம் தருகிறான். மகள் ஞாயிறுதோறும் வருகிறாள். ஒரு டாக்டர் சர்க்கரைக்கும், மற்றொருவர் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை எழுதுகிறார். இவை அனைத்தையும் சேர்த்து அறிந்தவர் எவருமில்லை. ஒரே மருந்து இரண்டு பெயர்களில் இருமுறை விழுங்கப்படுகிறது. அன்றாடச் சுமை முழுவதும் மருமகள் தலையில்; வசவும் அவளுக்கே.

இதற்கு மாற்று உண்டு என்பதைக் கேரளம் காட்டியது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-ஆம் ஆண்டு டாக்டர் எம். ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர் வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். ஆஸ்பத்திரிக்கு வர இயலாத நோயாளிகள் பலர் வீடுகளில் கிடப்பதைக் கண்டு, பணியை வீடுகளுக்குக் கொண்டு சென்றனர். 2000-ஆம் ஆண்டை ஒட்டி மலப்புரம் மாவட்டத்தில் அண்டை அயலாரே இப்பணியை ஏற்றனர். வாரத்தில் 2 மணி நேரம் ஒதுக்கக் கூடிய எவரும் சேரலாம். 16 மணி நேரப் பாடமும் 4 நாள் நேரடிப் பயிற்சியும் பெற்றபின், 10 முதல் 15 பேர் ஒரு குழுவாகித் தம் பகுதியில் படுக்கையில் கிடப்போரைத் தேடிச் சென்றனர். புண்ணுக்கு மருந்திட நர்ஸ் வருவார். நர்ஸுக்குத் துணையாக டாக்டர் நிற்பார். அரிசி தீர்ந்தால் குழு பார்த்துக்கொள்ளும். செலவின் பெரும்பகுதி சிறு நன்கொடைகளால் நடந்தது. புற்றுநோயாளருக்கென எழுந்த பணி, நாள்பட்ட நோயாளருக்கும் தளர்ந்த முதியோருக்கும் விரிந்தது. 2008-இல் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாக ஏற்றது, பஞ்சாயத்துகளும் பொறுப்பேற்றன.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. அத்திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டிற்கே வருவதைத் திருநெல்வேலியிலுள்ள நம் உறவினர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2024 அக்டோபரில் 70 வயது நிறைந்த அனைவருக்கும் ஆயுஷ்மான் அட்டை வழங்குவதை மத்திய அரசு தொடங்கியது. நன்று, தவறாமல் பெறுக. எனினும் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்தபின் ஆகும் செலவுக்கானது. நள்ளிரவில் கழிப்பிடம் செல்லும் பாட்டியின் கையைப் பிடிக்க அட்டை வராது.

ஆகவே விகாரையில் கூடும் நாம், தளர்ந்த முதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். அவர் உண்ணும் மருந்துகள் யாவும் அதில் இருக்கட்டும். எந்த டாக்டரிடம் சென்றாலும் அதைக் காட்டுக. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எளிய சோதனை ஒன்றுண்டு: கையூன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்துமுறை எழுந்து அமர 14 வினாடிக்கு மேலாகிறதா? மூன்று மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா? அப்படியாயின் வீழ்ச்சிக்குக் காத்திராமல் டாக்டரிடம் அழைத்துச் செல்க. இரவுக்கு ஒரு மூடி வைத்த வாளியோ கழிப்பு நாற்காலியோ ஏற்பாடு செய்தால், தண்ணீர் குடிக்கும் அச்சம் போகும். இதில் கூச்சம் எதற்கு? பேணுபவர் மலமூத்திரத்தை அருவருக்கலாகாதென்பது விநயத்திலேயே உள்ளது. ஞாயிறன்று மருமகளுக்கு 2 மணி நேரம் ஓய்வளிக்க யார் செல்வதென்பதையும் எழுதுக.

முதற்பக்கத்தில் பொறுப்பாளர் ஒருவர் பெயர் இருக்கட்டும். நாம் பஞ்சாலையில் உழைத்த காலத்தில், ஒருவர் வராவிடில் அவர் தறியில் பத்லி ஆள் நிற்பார். மே மாதத்தில் நம்மில் பாதிப்பேர் ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறோம். பொறுப்பாளர் பெயருக்குக் கீழே அவருடைய பத்லியின் பெயரையும் போன் எண்ணையும் மறவாமல் எழுதுக.