எண்ணிக்கை ஒத்தால் இனம் ஒன்றாகிவிடாது

அன்புள்ள தங்கைக்கு,

மணல் ஈக்களின் குரோமோசோம்களை ஒப்பிடும் வேலையில் இறங்கியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். பீகாரில் காலா அசார் நோயைப் பரப்பும் மணல் ஈயான பிளெபோடோமஸ் அர்ஜென்டிபஸ் ஒரே இனமா, ஒரே சாயலில் உலவும் பல இனங்களா என்பது விடை வேண்டி நிற்கும் கேள்வி.

முதலில் ராமேசுவரம் கொசுவின் கதையைப் படி. அனாபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் குழுவில் ‘பி’ இனம் மலேரியாவைப் பரப்புவதில் மந்தமானது. ராமேசுவரத்திலோ, ‘பி’ என்றே கருதப்பட்ட கொசுக்கள் நோயைப் பரப்பின. சூலகத்துப் பட்டைக் குரோமோசோம்களில் (பாலிடீன்) இவற்றுக்கும் மற்ற ‘பி’ கொசுக்களுக்கும் வேறுபாடே தெரியவில்லை. காட்டிக்கொடுத்தது ஆண் வாரிசுகளின் ஒய் குரோமோசோம். சிலவற்றில் அதன் இடுக்கு (சென்ட்ரோமியர்) ஓரத்தில் இருந்தது, சிலவற்றில் நடுவை நெருங்கி இருந்தது. நோய் பரப்பியவை இரண்டாம் வகை. 1999இல் அதற்கு ‘ஈ’ இனம் என்று பெயரிட்டார்கள். பெண் பூச்சிகளை மட்டும் பார்த்திருந்தால் இது பிடிபட்டிருக்காது.

மணல் ஈயில் பட்டைக் குரோமோசோம் தெளிவாக விரிந்து வருவது அரிது. ஆகவே பிளவுறும் செல்கள் கிடைக்கும் புழுவின் மூளைதான் உன் களம். ஒரே தாய் இட்ட முட்டைகளைத் தனியே வளர்த்து, நான்காம் பருவப் புழுவின் மூளையை எடு. கொல்கிசின், பிறகு நீர்த்த உப்புக் கரைசல், பிறகு மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும். கவர் கண்ணாடியைக் கட்டைவிரலால் நேராக அழுத்து. அது சற்று நகர்ந்தாலும் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

குரோமோசோம் எண்ணிக்கையை நம்பி ஏமாறாதே. லுட்சோமியா லாங்கிபால்பிஸ் என்ற மணல் ஈயில் நான்கு ஜோடி. தென் அமெரிக்காவில் அந்த ஒரே பெயருக்குள் பல இனங்கள் இருக்கின்றன என்பதை ஆண்களின் மணப்பொருளும் சிறகோசையும் காட்டின. அதேபோல, குரோமோசோமில் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருப்பதைக் கண்டவுடன் புது இனம் என்றும் அறிவித்துவிடாதே. ஓர் இனத்துக்குள்ளேயே அப்படி இருக்கலாம். ஒரே ஊரில் பிடித்த ஈக்களில் இரு வடிவமும் நிறைய இருந்து, இரண்டும் கலந்த ஈ மட்டும் கிடைக்கவே இல்லை என்றால்தான் அவை இணைசேரவில்லை என்று பொருள். அதற்குப் பொறுமையாக நிறைய ஸ்லைடு பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். தாய் ஈயின் தலையையும் விந்துப்பையையும் ஸ்லைடாக்கு, மிச்ச உடலை ஆல்கஹாலில் போடு, குரோமோசோம் ஸ்லைடின் எண்ணையே இரண்டிலும் எழுது. உன் முடிவை நாளை ஒருவர் சரிபார்க்க அந்த உடல் வேண்டும்.

அன்புடன்,
உன் அக்கா