கடலுக்குப் போக முன்

கிளிநொச்சியில் இருப்பவர்களுக்குக் கிழக்குக் கடல் என்றால் நினைவுக்கு வருவது முல்லைத்தீவுதான். பரந்தனில் திரும்பி விசுவமடு, புதுக்குடியிருப்பு தாண்டிப் போனால் முள்ளிவாய்க்கால் வரும். பிறகு வட்டுவாகல் பாலம், அதற்கப்பால் பட்டினக் கரை. 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், அந்தப் பாலத்தால் நடந்து வெளியேறியவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்தக் கரையில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களும் இருக்கிறார்கள். அதனால் பிள்ளைகள் "லீவுக்குக் கடலுக்குப் போவம்" என்று கேட்கத் தொடங்கியதும், எந்தக் கடலுக்கு என்பதைத்தான் நாங்கள் முதலில் யோசித்தோம். காசுக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

அம்மா முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குக் கடல்நீர் அள்ளிவந்து அந்த உப்புநீரிலேயே விளக்கெரிப்பதைப் பார்த்து வளர்ந்தவர். அப்படிப்பட்டவர், அதெல்லாம் நடந்த பிறகு, கடல் பக்கமே போகாமல் இருந்தார். அவரை வீட்டில் தனியே விட்டுப் போகவும் மனமில்லை, வற்புறுத்திக் கூட்டிப் போகவும் மனமில்லை. பழைய நினைவு எதுவும் ஒட்டாத கரையாக இருக்கட்டும் என்றுதான் திருகோணமலைப் பக்கம் நிலாவெளியைத் தெரிந்தெடுத்தோம். வன்னியிலிருந்து குடும்பமாகப் புறப்படுகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் புத்தி இதுதான்: இடத்தை வீட்டில் அதிகம் பயப்படுகிறவரைக் கேட்டுத் தீர்மானியுங்கள்.

அடுத்தது காற்று. டிசம்பர் லீவை மறந்துவிடுங்கள். ஐப்பசியிலிருந்து தை வரை வாடைக்காற்று கிழக்குக் கரை முழுவதையும் கலக்கிக்கொண்டிருக்கும், மழையும் விடாது. அந்த நாட்களில் ஹிக்கடுவ, உனவட்டுன போன்ற தெற்குக் கரைகள்தான் அமைதியாக இருக்கும். எங்களுக்கு வாய்த்தது ஏப்ரல் லீவும் ஓகஸ்ட் லீவும். சோளகம் வீசும் மாதங்களில் மேற்கிலும் தெற்கிலும் கடல் கொந்தளிக்க, கிழக்கில் காற்று தரையைக் கடந்து வருவதால் அலை தணிந்திருக்கும்.

அந்த அமைதியை நம்பித்தான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். தரையிலிருந்து வீசும் காற்று பிள்ளை பிடித்துக்கொண்டிருக்கும் ரியூப்பையும் காற்றடித்த மெத்தையையும் வெளிக்கடலுக்குத்தான் தள்ளும். கரையில் நிற்பவருக்கு அது தெரியவே தெரியாது, தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும். ஆகவே ரியூப் வேண்டாம். உடம்புக்கு இறுக்கமாகப் பொருந்துகிற லைஃப் ஜாக்கெட் போதும், அதுவும் இடுப்பளவுக்கு மேல் போகாமல். பெரியவர்களில் ஒருவர் போனை உள்ளே வைத்துவிட்டுப் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முறை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் "எல்லாரும் பார்க்கிறோம்தானே" என்ற நினைப்பு கூடாது. எங்கள் பெண்கள் சேலையோடும் சால்வையோடும் இறங்குவார்கள். நனைந்த சேலை காலைச் சுற்றினால் முழங்கால் தண்ணீரிலும் எழும்ப முடியாது. சால்வையைக் கரையில் வைத்துவிட்டு, சுடிதாரோடோ முழங்கால் வரையான உடுப்போடோ இறங்குங்கள்.

எங்கள் ஊரில் வான் பிடித்தால், கோணேசர் கோயில், புறாத்தீவு, மார்பிள் பீச், அப்படியே பாசிக்குடா என்று எல்லாவற்றையும் இரண்டு நாளுக்குள் அடைத்துவிடப் பார்ப்பார்கள். நான் இதற்கு முழு எதிர். பிள்ளைகள் வானுக்குள் வாந்தி எடுப்பார்கள், முதியவர்கள் ஒவ்வொரு இடத்திலும் இறங்கி ஏறியே களைத்துப்போவார்கள், கடலுக்கு ஒரு மணித்தியாலம்தான் மிஞ்சும். ஒரே கரையில் இரண்டு இரவு தங்குங்கள். அம்மாவுக்கு அந்த நேரம்தான் தேவைப்பட்டது. வந்த அன்று அவர் விடுதி முற்றத்து மர நிழலைவிட்டு அசையவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை. மறுநாள் காலை கரைவலை இழுக்கிறவர்களின் சத்தம் கேட்டு, தானாகவே எழும்பி நடந்துபோனார். என்ன மீன் பட்டது, எவ்வளவு பட்டது என்று விசாரித்து, விலை பேசி, ஒரு பை மீனோடுதான் திரும்பினார். தண்ணீரில் கால் வைக்கவில்லை. வைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவும் இல்லை.

அதனால்தான் விடுதி பேசும்போது ஏசி இருக்கிறதா என்பதற்கு முன், முற்றத்தில் நிழல் இருக்கிறதா என்று கேட்கச் சொல்கிறேன். கீழ்மாடி அறையா, வெளியில் நல்ல தண்ணீர்க் குழாய் உண்டா, சமைக்க விடுவார்களா, கடலுக்குப் போகப் பெரிய வீதியைக் கடக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். போயா தினத்தோடு சேர்ந்த நீண்ட வார இறுதியைத் தவிருங்கள், தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வரும், அறை விலையும் ஏறும். ஜீவனிப் (உப்புச் சீனிக் கரைசல்) பைக்கற்றுகள் கட்டாயம் பையில் இருக்கட்டும். ஓகஸ்ட் வெயிலில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார்கள்.

நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போவதென்றால் காலையிலேயே படகு ஏறுங்கள், கூலியைப் பேசி முடித்த பிறகு. 1963 இல் சரணாலயமாக்கப்பட்டு 2003 இல் தேசியப் பூங்காவான இடம் அது, வனசீவராசிகள் திணைக்களத்தின் ரிக்கற் எடுக்க வேண்டும். அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த அண்ணன் குடும்பமும் கூட வந்தால், அந்த நாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு வெளிநாட்டவர் கட்டணம்தான், அது எங்களுடையதைவிடப் பலமடங்கு. முதலே சொல்லிவிட்டால் அங்கே முகம் சுழிக்க வேண்டிவராது. கரையெல்லாம் உடைந்த முருகைக்கல், வெறுங்காலோடு போனால் வெட்டும். ரப்பர் சப்பாத்து நல்லது. உயிருள்ள முருகைக்கல்லில் மிதிக்கவும் கூடாது, செத்ததென்றாலும் ஒரு துண்டுகூட எடுத்துவரக் கூடாது. இதைப் படகு ஏற முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். சுறாக்குட்டிகள் கண்ணில் படலாம், சீண்டாமல் விட்டால் அவை தம்பாட்டில் போய்விடும்.

திரும்பும் நாளில் கோணேசர் கோயிலைக் காலையிலேயே முடித்துக்கொண்டு வெளிக்கிட்டால் கன்னியா வெந்நீர் ஊற்று வழியிலேயே இருக்கிறது. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. பிள்ளைகள் வாளியால் அள்ளி உடம்பு உப்பைக் கழுவுவார்கள், முதியவர்களுக்கு மூட்டு நோவுக்கு இதமாக இருக்கும். அங்கிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியாவுக்கு வரும் வீதியில் யானை நடமாட்டம் உண்டு. பொழுதுபட முன் அந்தக் காட்டுத் துண்டைக் கடந்து வவுனியா வந்துவிடுங்கள். தேநீரை அங்கே குடிக்கலாம்.