ஃபயர்வால் டிஸ்க்கைப் பிரிக்கும் முன்: பயனுள்ள குறிப்புகள்

செக் பாயிண்ட் நிறுவனத்தின் கையா, லினக்ஸ் மீது கட்டி, வேண்டாத சேவைகளைக் கழற்றி இறுக்கிய ஃபயர்வால் இயங்குதளம். 2012-ல் வந்தது. சாதாரண லினக்ஸ் சர்வரில் செய்வதுபோல இதில் டிஸ்க்கை இஷ்டத்துக்கு வெட்டி ஒட்ட முடியாது. சொந்த சர்வரிலோ விர்ச்சுவல் மெஷினிலோ இதை நிறுவிப் பராமரிப்பவர்கள் குறித்துவைத்துக்கொள்ள:

1. பெட்டியில் 1 டிபி என்று போட்டிருந்தாலும் திரையில் 931 ஜிபிதான் தெரியும். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், லினக்ஸ் 1024-ஆல் பெருக்குகிறது. பிரிப்புக் கணக்கை 931-ல் தொடங்குங்கள்.

2. 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க் வாங்கும் முன் கையாவின் பதிப்பைப் பாருங்கள். எம்பிஆர் என்கிற பார்ட்டிஷன் அட்டவணை 1983-ம் ஆண்டு டாஸ் காலத்துச் சரக்கு. செக்டர்களை 32 பிட்டில் எண்ணுகிறது. செக்டருக்கு 512 பைட் என்றால் 2 டிபியோடு எண்ணிக்கை தீர்ந்துவிடும், மிச்ச டிஸ்க் இருந்தும் பயனில்லை. மேனேஜ்மென்ட் சர்வரில் இந்தத் தடை ஆர்80.20 பதிப்பில், 3.10 கர்னலும் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறையும் வந்தபோதுதான் நீங்கியது. பழைய டிஸ்க்கில் உள்ள அட்டவணை வெறும் அப்கிரேடில் மாறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். புதிதாக நிறுவுவதே சுத்தமான வழி.

3. காலி இடத்தைக் காலியாகவே விடுங்கள். கையா டிஸ்க்கில் முக்கியமாக மூன்று பங்கு உண்டு: இயங்குதளம் இருக்கும் ரூட், லாக், யாருக்கும் ஒதுக்காத மிச்சம். இந்த மிச்சத்தைப் பார்த்தாலே சிலருக்குக் கை அரிக்கும். 'வீணாகக் கிடக்கிறதே' என்று முழுவதையும் லாக்குக்குக் கொடுத்துவிடுவார்கள். ஸ்னாப்ஷாட் உட்காருவது அந்த இடத்தில்தான். அது இல்லையென்றால் ஸ்னாப்ஷாட் இல்லை, அப்கிரேடும் முரண்டு பிடிக்கும்.

ஒரு ஸ்னாப்ஷாட்டுக்கு ரூட் அளவைப் போல் 1.15 மடங்கு இடம் வேண்டும். ரூட்டுக்கு 30 ஜிபி கொடுத்தால் ஸ்னாப்ஷாட்டுக்கு 34.5 ஜிபி, இரண்டு வைத்துக்கொள்ள 69 ஜிபி. ஸ்னாப்ஷாட்டை வெளியே எடுக்க எக்ஸ்போர்ட் செய்தால், கோப்பு எழுதப்படும் இடத்தில் அதன் அளவைப் போல் இரண்டு மடங்கு காலியாக இருக்க வேண்டும். அதாவது இன்னொரு 69 ஜிபி. 200 ஜிபி டிஸ்க்கில் ரூட் 30, மிச்சம் 69, ஸ்வாப்புக்குக் கொஞ்சம் போக லாக்குக்கு சுமார் 90 ஜிபி வரும். அது போதும். ரூட்டுக்குத் தாராளமாக 60 கொடுத்துப் பாருங்கள், கணக்கு எங்கேயும் ஒட்டாது.

4. ஸ்னாப்ஷாட்டில் லாக் பங்கு சேராது. லாக் முக்கியம் என்றால் தனியாக வெளியே எடுத்துவையுங்கள்.

5. லாக் பங்கில் லாக் மட்டும் இருப்பதில்லை. பேக்கப் கோப்புகள், இறக்கிய அப்டேட் பொட்டலங்கள், ஏதாவது புரோகிராம் விழுந்தால் எழுதப்படும் கோர் டம்ப் எல்லாம் '/வார்/லாக்' அடியில்தான் சேரும். தினசரி பேக்கப் எடுப்பவர்கள் அதை எஸ்சிபி வழியாக வேறு சர்வருக்கு அனுப்பும்படி அமைப்பது நல்லது.

6. ஹாட்ஃபிக்ஸ் கோப்பை '/ஹோம்/அட்மின்' கோப்புறையில் இறக்காதீர்கள். லாகின் செய்ததும் நிற்கும் இடம் என்பதால் பலரும் அங்கேயே போடுகிறார்கள். அது ரூட் பங்கு. ரூட் நிரம்பினால் வெப் திரை திறக்காது, பாலிசி ஏறாது. '/வார்/லாக்' அடியில் ஒரு கோப்புறை திறந்து அதில் போடுங்கள், வேலை முடிந்ததும் அழியுங்கள்.

7. பெரிய லாக் கோப்பை அழித்தும் இடம் திரும்பவில்லையா? 'டிஎஃப்' கட்டளை 100 சதவீதம் என்கிறது, 'டியு' கட்டளையோ பாதிகூட இல்லை என்கிறது. ஏதோ ஒரு புரோகிராம் அந்தக் கோப்பை இன்னும் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அது கையை விடும்வரை இடம் வராது. அந்தப் புரோகிராமை மறுபடி தொடங்கினால் போதும். அடுத்த முறை கோப்பை அழிக்காமல் உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்யுங்கள்.

8. எக்ஸ்எஃப்எஸ் வளரும், சுருங்காது. ரப்பர் பேண்ட் என்று நினைக்க வேண்டாம். மிச்ச இடம் இருந்தால், எக்ஸ்பர்ட் மோடில் 'எல்விஎம் மேனேஜர்' கருவியைக் கொண்டு ரூட்டையோ லாக்கையோ பெரிதாக்கலாம். கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. ஆகவே முதல் நாளில் குறைவாகக் கொடுங்கள். கூட்டுவது பத்து நிமிட வேலை, குறைப்பது முழு மறுநிறுவல்.

9. விர்ச்சுவல் மெஷினில் டிஸ்க் அளவை வெளியில் கூட்டினால் உள்ளே தானாகக் கூடாது. கூட்டிய பிறகு உள்ளே பார்ட்டிஷன், அதன்மேல் எல்விஎம் என்று படிப்படியாகச் சேர்க்க வேண்டும். அலுவலக நேரத்தில் இதைத் தொடாதீர்கள். செக் பாயிண்டே விற்கும் அப்ளையன்ஸ் பெட்டி என்றால் டிஸ்க் சேர்க்கும் யோசனையே வேண்டாம்.

10. மேலே சொன்ன எதைத் தொடங்கும் முன்பும் ஸ்னாப்ஷாட்டை எக்ஸ்போர்ட் செய்து வேறு கணினிக்கு மாற்றிவிடுங்கள். டிஸ்க் பழுதானால் அதிலேயே இருக்கும் ஸ்னாப்ஷாட்டும் அதோடு போய்விடும்.